பிள்ளைகளின் தொகையை வகுப்பவை எவை?

(சங்கத்தின் ஆண்டு விழாக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





குடும்பங்களிலே பிள்ளைகளின் தொகையை வகுக்கின்ற சமூக, பண்பாட்டு, பொருளாதாரக் காரணங்களைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் என்னைப் பணித்தனர். பிள்ளைகளைப் பெற்று வளர்த்து ஆளாக்கிய பெரியோர் பலர் வீற்றிருக்கும் இச்சபையிலே, இல்வாழ்க்கையில் இன்னும் அடியெடுத்து வையாத மாணவப் பருவத்தார் ஒருவர் இவ்விடயத்தைப் பேசத் துணிவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். அனுபவம் உங்களுடையது. குடிசன மதிப்பு அறிக்கைகளிலும் நூல்களிலும் கண்டவற்றைத் தொகுத்து அவ்வனுபவத்தின் முன் வைப்பது மாத்திரமே என் பணி.

இன்று கோயில் வீதியிலும் மங்கல வீட்டிலும் அடிக்கடி கேட்கின்ற ஒரு குறை உண்டு. "எங்கட சனம் வரவரக் குறைஞ்சு போகுது. இந்தக் காலத்துப் பெண்பிள்ளையள் படிப்பு, உத்தியோகம் எண்டு வயதைப் போக்கிவிட்டு ஒண்டோடை நிற்பாட்டி விடுகினம்" என்பதே அது. இக்கவலை ஆதாரமற்றதன்று. 2010ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலிலே, கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 9 ஆசனங்கள் இருந்தன. 2015இல் அவை 7 ஆயின. 2024இல் 6 ஆயின. நாட்டின் மொத்த வாக்காளரில் எமது பங்கு குறையுந்தோறும் எமக்காகப் பேசுகின்ற குரல்களும் குறைகின்றன. ஆகவே பெரியோரின் கவலையை நான் சிறிதும் இகழேன். ஆனால், அக்குறை முழுவதையும் இளம் பெண்களின் தலையிலே சுமத்துவது நீதியாகுமா? ஒரு குடும்பத்திற் பிள்ளைகளின் தொகையை வகுப்பது தாயா, தந்தையா, ஊராரா, ஊழா? இதனை ஆராய்ந்த பின்னரன்றோ யாரையும் நாம் குறைகூறுதல் பொருந்தும்?

முதலாவதாக முன்னோர் காலத்தைச் சிறிது நோக்குவோம். நம் பாட்டிமாரும் பூட்டிமாரும் எட்டும் பத்தும் பெற்றனர் எனப் பெருமையோடு பேசுகின்றோம். எத்தனை பெற்றனர் என்பதை நினைக்கும் நாம், எத்தனையை இழந்தனர் என்பதை நினைப்பதில்லை. 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையிலே மலேரியாக் காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியபோது ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். 1935இல் உயிருடன் பிறந்த ஒவ்வோர் 1,000 குழந்தைகளிலும் 260க்கு மேற்பட்டவை ஆண்டு நிறைவைக் காணாமலே மடிந்தன. அக்கொள்ளைநோய் தணிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னர், 1946இலும், அத்தொகை 141 ஆக இருந்தது. ஏழு தொட்டில்களில் ஒன்று ஓராண்டுக்குள்ளே வெறுமையாயிற்று என்பது இதன் பொருள். அதே காலத்தில் 1,000 பிறப்புகளுக்குப் பத்துக்கு மேற்பட்ட தாய்மார் பிரசவத்தை ஒட்டி இறந்தனர். இரண்டு பிள்ளைகள் போதும் என்று அந்நாளிலே எந்தத் தாய் துணிந்து சொல்லியிருக்க முடியும்? இருப்பவற்றில் எவை நிலைக்கும் என்பது தெரியாதபோது, பலவாகப் பெறுவதே குடும்பத்துக்குப் பாதுகாப்பாக இருந்தது.

இந்நிலையை மாற்றியது பொதுச் சுகாதாரம். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. பின்னர் கிராமந்தோறும் பயிற்சி பெற்ற மருத்துவிச்சிமார் வந்தனர். இலவச வைத்தியசாலைகள் பெருகின. இரண்டாம் உலக யுத்தத்தை அடுத்து டீ.டீ.ரீ. மருந்து தெளித்து நுளம்பை அழித்தனர். 1946இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1950இல் 13க்குக் கீழே இறங்கிற்று. ஆனால், பெண்ணொருத்தி தன் வாழ்நாளிற் பெறும் பிள்ளைகளின் சராசரி அப்பொழுதும் ஐந்துக்கு மேலாகவே இருந்தது. அதன் விளைவாக, 1946இல் 66 இலட்சமாக இருந்த நாட்டுச் சனத்தொகை 1963இல் 105 இலட்சத்தைத் தாண்டிற்று. பிறந்தவை முன்போல மடியாமையாலேயே சனத்தொகை பெருகிற்று. பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை பெற்றோர் உள்ளத்தில் வேரூன்றியபின் சிறிது சிறிதாகப் பிறப்புக் குறையத் தொடங்கிற்று. சாவின் அச்சம் நீங்கியமையே சிறிய குடும்பத்தின் முதற் காரணம் என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டாவது காரணம் பொருளாதாரம். பழைய யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்றை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். விடியற்புறத்தில் துலா மிதிக்க ஒருவர் வேண்டும். பட்டை பிடித்து இறைக்க ஒருவர் வேண்டும். வாய்க்காலில் நின்று புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் மாற இன்னொருவர் வேண்டும். மாட்டுக்குப் புல்லுச் செதுக்க ஒரு பையன், கைக்குழந்தையைப் பார்க்க ஒரு பெண்பிள்ளை என எட்டு வயதிலேயே பிள்ளை குடும்பத்துக்கு ஒரு கையாக உதவிற்று. முதுமையிற் பெற்றாரைத் தாங்குவதற்கும் பிள்ளைகளன்றி வேறு ஆதாரம் இருக்கவில்லை. அவ்வாழ்க்கையிலே பிள்ளை செலவாகத் தோன்றவில்லை, வரவாகவே தோன்றிற்று.

பின்னர் நிலைமை மாறிற்று. எண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் வந்தபோது மூவர் செய்த வேலையை ஒருவர் செய்தார். காணியோ வளரவில்லை. ஓர் ஏக்கர், அதாவது 16 பரப்புத் தோட்டம் உடைய ஒருவர் அதனை நான்கு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 4 பரப்பு. அந்நால்வரும் தத்தம் நான்கு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு பரப்பு. பேரப்பிள்ளை அதிலே வீடு கட்டுவதா, கிணறு வெட்டுவதா, தோட்டம் செய்வதா? இக்கணக்கை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அதனாலேயே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பிள்ளைகளை ஆங்கிலம் படிப்பித்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞர் உத்தியோகத்திலும் சேர்வதற்கு அனுப்பினர். மண்ணைக் கொத்தும் நான்கு பிள்ளைகளிலும், மாதந்தோறும் காசுக்கட்டளை அனுப்பும் ஒரு பிள்ளை மேல் என்ற எண்ணம் அன்றே முளைவிட்டது.

1945இல் கல்வி மந்திரி சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கல்வி இலவசமானாற் பிள்ளை வளர்ப்பது மலிவாகும் என்றே எவரும் எண்ணுவர். நடந்ததோ மறுதலை. பள்ளிக்குப் போகும் பிள்ளை தோட்டத்தில் உழைப்பதில்லை. இருபது வயதுவரை, சில வேளைகளில் இருபத்தைந்து வயதுவரை, உணவும் உடையும் புத்தகமும் கொடுத்துத் தாங்கவேண்டிய பொறுப்பு பெற்றாருடையதாயிற்று. இன்று ரியூசன் வகுப்புக் கட்டணமும் பால்மாவின் விலையும் அதனோடு சேர்ந்துகொண்டன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த குடித்தொகை அறிஞர் ஜோன் கால்டுவெல் என்பார், இவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் ஐயர் அல்லர், 1976இல் ஒரு கருத்தை வெளியிட்டார். செல்வம் பிள்ளைகளிடமிருந்து பெற்றாரை நோக்கிப் பாயும்வரை பிள்ளைகள் பலராவர். பெற்றாரிடமிருந்து பிள்ளைகளை நோக்கி அது திரும்பிப் பாயத் தொடங்கியதும் பிள்ளைகள் சிலராவர் என்பதே அக்கருத்தின் சாரம். வாய்க்காலில் தண்ணீர் மாறிய நம்மவர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும்.

மூன்றாவது காரணம் பெண்கல்வியும் அதனோடு இணைந்த திருமண வயதுமாகும். 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலிற் பெண்களுக்கென விடுதிப் பாடசாலையொன்றைத் தொடங்கினர். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிச் சைவச் சூழலிற் கல்வி என்னும் இயக்கத்துக்கு வித்திட்டார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்திற் சைவப் பெண்களுக்கென ஒரு கல்லூரியை அமைத்தார். போட்டியாகத் தொடங்கியதாயினும் அதனாற் பயனடைந்தவர்கள் நம் பெண்மக்களே. மிஷன் பாடசாலையொன்றிற் பயின்று, இன்று சைவ வாலிபர் முன்னிலையில் நிற்கும் என் போன்றோர் இரு சாராருக்கும் கடமைப்பட்டவர்களாவர்.

1946இல் இலங்கைப் பெண்களில் நூற்றுக்கு 44 பேரே எழுத வாசிக்க அறிந்திருந்தனர். 1981இல் அது 83 ஆயிற்று. 1901இல் ஏறக்குறைய 18 ஆக இருந்த பெண்களின் சராசரித் திருமண வயது 1953இல் 21ஐ எட்டி, 1971இல் 23ஐக் கடந்து, 1981இல் 24ஐயும் தாண்டிற்று. ஐந்தாறு ஆண்டுகள் பிந்தித் திருமணம் செய்யும் பெண், இரண்டு பிள்ளைகளேனும் பிறக்கக்கூடிய காலத்தைக் கன்னியாகவே கழிக்கின்றாள். 1950களிலும் 1960களிலும் இலங்கையிற் பிறப்பு வீதம் குறைந்தமைக்குப் பெரும் பங்கு காரணமாயிருந்தது இத்திருமண வயது உயர்வே என்பர் ஆய்வாளர். குடும்பத் திட்டச் சங்கம் 1953இலேதான் நிறுவப்பட்டது. சுவீடன் நாட்டின் உதவி 1958இற் கிடைத்தது. அரசாங்கம் இதனைத் தாய்சேய் நலச் சேவையோடு சேர்த்துக்கொண்டது 1965இல். மருந்தும் சாதனமும் ஊர்களைச் சென்றடையுமுன்னரே பள்ளிக்கூடம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. பின்னர் இரண்டும் சேர்ந்தன. 1970களின் நடுப்பகுதியிற் பெண்ணொருத்திக்கு மூன்றரைப் பிள்ளைகள் என்ற அளவுக்கும், 1990களில் இரண்டுக்குச் சற்று மேல் என்ற அளவுக்கும் சராசரி இறங்கிற்று.

நான்காவது காரணம் பண்பாடு. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என மணமக்களை வாழ்த்துகின்றோம். அப்பதினாறும் கல்வி, நோயின்மை, பொருள், புகழ் முதலிய பேறுகளே என்பதைப் பெரியோர் அறிவர். நன்மக்களைப் பெறுதல் அவற்றுள் ஒன்று. வள்ளுவரும் மக்கட்பேற்றைப் போற்றும் அதிகாரத்தில் எண்ணிக்கையைப் பேசவில்லை. அறிவும் பண்பும் உடைய மக்களையே போற்றுகின்றார். ஆகவே சிறிய குடும்பம் நம் சமயத்துக்கு மாறானது என்ற கூற்றுக்கு அடிப்படை இல்லை.

கொள்ளி வைக்க ஓர் ஆண்மகன் வேண்டும் என்ற ஆசை நம்மிடையே உண்டு. ஆயினும், யாழ்ப்பாணத்திலே வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்கே சீதனமாகச் செல்வதால், முதுமையிற் பெற்றார் மகள் வீட்டிலேயே தங்குவர். ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையிலேயே மகளின் சீதன உரிமை கூறப்பட்டுள்ளது. பெண்ணுக்கும் ஆதனம் உண்டு என்ற வகையில் அது பெருமைக்குரியதே. ஆனால், உரிமையாக இருந்த சீதனம் இன்று மாப்பிள்ளையின் விலையாக மாறிவிட்டது. ஐந்து பெண்ணைப் பெற்றால் அரசனும் ஆண்டி என்ற பழமொழி வீணே பிறக்கவில்லை.

சீதனம் பிள்ளைகளின் தொகையை இரண்டு வழிகளிற் குறைக்கின்றது. பெண்பிள்ளைகளுக்கு அஞ்சிப் பெற்றார் நிறுத்திக்கொள்கின்றனர். அது ஒன்று. தங்கைமாரைக் கரைசேர்க்கும்வரை தமையன் மணம் செய்யாது உழைக்கின்றான். வீடு கட்டி முடியும்வரை தங்கை காத்திருக்கின்றாள். அது மற்றையது. இதனோடு சாதகப் பொருத்தமும் செவ்வாய்க் குற்றமும் சேர்ந்துகொள்கின்றன. இருபத்தைந்தில் மணம் செய்ய மனமுவந்த பெண், முப்பத்தைந்திலே மணவறைக்கு வருகின்றாள். அதன் பின்னர் ஒரு பிள்ளையோடு அவள் நிறுத்தினால், "படிப்பால் வந்த வினை" என்று சொல்லிவிடுகின்றோம். பத்தாண்டுகளை அவளிடமிருந்து பறித்தது படிப்பா, நம் வழக்கமா?

இனி, சட்டத்தாலும் பிரசாரத்தாலும் இத்தொகையைக் கூட்டவோ குறைக்கவோ இயலுமா என்பதைப் பார்ப்போம். நம்மவர் உத்தியோகம் தேடிச் சென்ற சிங்கப்பூர் 1972இல் இரண்டு பிள்ளைகளோடு நிறுத்துமாறு மக்களை வற்புறுத்திற்று. பிறப்பு அளவுக்கு மிஞ்சிக் குறைந்துவிட்டதைக் கண்டு, 1987இல் வசதியுள்ளோர் மூன்றோ அதற்கு மேலோ பெறுக என்று தன் கொள்கையை மாற்றிற்று. 2001 முதல் பிள்ளை பெறுவோர்க்குப் பணமும் கொடுத்து வருகின்றது. எனினும், 2023இல் அந்நாட்டுச் சராசரி ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. சீனாவோ 1980 அளவில் ஒரு பிள்ளைச் சட்டத்தை விதித்து, 2016இல் இரண்டுக்கும் 2021இல் மூன்றுக்கும் அனுமதியளித்தது. ஆயினும் 2022 முதல் அந்நாட்டின் சனத்தொகை குறைந்துகொண்டே செல்கின்றது. கதவை அடைப்பது எளிது. திறந்துவிட்டோம் என்று சொன்னவுடன் பிள்ளைகள் ஓடி வருவதில்லை. வீட்டு வாடகை, வேலை நேரம், பிள்ளையைப் பார்க்க ஆளின்மை ஆகியவை மாறாமல் வாய்ச்சொல்லால் எதுவும் மாறாது என்பதே இவ்விரு நாடுகளும் தரும் பாடம்.

அன்பர்களே, இப்பொழுது நம் கவலைக்கே திரும்புவோம். கிளிநொச்சியைச் சேர்க்காது கணக்கிட்டால், யாழ்ப்பாண மாவட்டத்தில் 1981இல் 7 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். யுத்தம் முடிந்து மூன்று ஆண்டுகளின் பின், 2012இல், அங்கு இருந்தோர் 6 இலட்சத்துக்கும் குறைவு. இடையிலே 1983 தொடங்கி 2009 வரை நடந்தவற்றை இச்சபைக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மாண்டவர் எத்தனை பேர், கடல் கடந்தவர் எத்தனை பேர், மணமாகவேண்டிய வயதிற் காணாமற் போனவர் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தொங்கும் படங்கள் சொல்லும். நம் தொகை குறைந்தது முதலில் யுத்தத்தாலும் புலம்பெயர்வாலுமேயன்றிப் பெண்கள் பிள்ளை பெறாமையால் அன்று.

அன்றியும், இன்று பிறப்புக் குறைவது நமக்கு மாத்திரம் உரிய நிலையுமன்று. இலங்கை முழுவதிலும் 2012இல் ஏறக்குறைய மூன்றரை இலட்சம் பிறப்புகள் பதியப்பட்டன. 2023இல் அவை இரண்டரை இலட்சத்துக்கும் குறைந்தன. 2012க்கும் 2024க்கும் இடையில் நாட்டின் சனத்தொகை ஆண்டுக்கு நூற்றுக்கு அரை வீதமே வளர்ந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியிலே பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற இளந்தம்பதியர், "இன்னொரு பிள்ளையா?" என்று தயங்கினால் அதில் வியப்பென்ன? வெளிநாட்டுக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்பது நிச்சயமில்லாத வீட்டிலே தொட்டில் கட்டுவதும் தள்ளிப்போகத்தானே செய்யும்?

ஆகவே என் முடிவான கருத்து இதுவே: பிள்ளைகளின் தொகை ஒரு பெண்ணின் பிடிவாதத்தினால் மாத்திரம் வருவதன்று. பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை, காணியும் உழைப்பும், பள்ளிக்கூடம், திருமண வயது, சீதனம், நாட்டின் அமைதி ஆகிய இத்தனையும் கூடி அதனை வகுக்கின்றன. இவற்றுள்ளே குழந்தைச் சாவு குறைந்ததும் பெண்கள் படித்ததும் நாம் பெற்ற பெரும் பேறுகள். அவற்றை இழந்து பழைய எண்ணிக்கையைப் பெற எவரும் விரும்பார். ஆனால், பிள்ளை வேண்டும் என்று விரும்பியும் பெற முடியாது தவிப்போர்க்குத் தடையாக நிற்பவற்றிற் சில நம் கையிலேயே இருக்கின்றன. அவற்றை அகற்றுவது இத்தகைய சங்கத்தால் இயலும்.

முதலாவதாக, நம் சங்கத்து வாலிபர் சீதனம் கேட்டு மணம் செய்வதில்லை என்று உறுதி பூணவேண்டும். பெற்றார் கேட்டாலும் தடுத்து நிற்கும் துணிவு வேண்டும். இரண்டாவதாக, சாதகத்தைக் காட்டி நல்ல சம்பந்தங்களைத் தட்டிக் கழிக்கும் வழக்கத்தைப் பெரியோர் தளர்த்தவேண்டும். மூன்றாவதாக, வாரத்தில் ஐந்து நாட்கள் பகலிற் பூட்டியே கிடக்கும் நம் மண்டபத்திலே, வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பகற்பராமரிப்பு நிலையமொன்றைத் தொடங்கலாம். அன்னதானத்துக்கு மனமுவந்து கொடுக்கும் நம் ஊரவர் இதற்கும் கொடுப்பர். நான்காவதாக, அடுக்களையும் குழந்தையும் பெண்ணுக்கே உரியவை என்ற எண்ணத்தை வாலிபராகிய நாம் கைவிடவேண்டும். இரண்டு சம்பளம் வரும் வீட்டில் இரண்டு பேரும் பாத்திரம் கழுவுவது இழிவன்று.

இறுதியாக ஒன்று. பிள்ளையில்லாத பெண்ணை மலடி என்று சொல்லி மங்கல காரியங்களில் ஒதுக்கி வைக்கும் கொடுமை இன்னும் நம்மிடையே முற்றாக ஒழியவில்லை. சனம் குறைகின்றதே என்று வருந்தும் நாம், இருக்கின்ற ஒருத்தியை ஒதுக்குவது எவ்வகை அறம்? பிள்ளை பெற்றவளும் பெறாதவளும், ஒன்று பெற்றவளும் ஐந்து பெற்றவளும் ஒரே கும்பத்தின் முன் சமமாக நின்று ஆராத்தி எடுக்கும் நாளே நம் சமுதாயம் உண்மையில் வளர்ந்த நாளாகும்.